கேற்றிலிருந்து விறாந்தை வரைக்கும் கருங்கல்

எங்கள் வீடு கனகராயன்குளத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கேற்றிலிருந்து விறாந்தைக்கு 40 அடி. இத்தனை வருடமும் அது கிறவல் பாதைதான். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது அரைவாசிக் கிறவல் ஒழுங்கைக்கு அள்ளுண்டு போனது. திரும்பக் கொட்டினோம், அடுத்த மாரியில் திரும்பவும் போனது. அண்ணர் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் அவரால் தனியாகக் கேற்றடிக்குப் போக முடியாது. நாற்காலியின் சின்ன முன்சில்லு சேற்றில் புதைந்துவிடும். அதற்காகத்தான் போன ஆவணியில் பாதைக்கும் முற்றத்துக்கும் கருங்கல் பதிப்பித்தோம். ஒரு மாரி முழுக்கப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

பதித்தவர்கள் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த நான்கு பேர். மூத்தவர் கல்லுடைப்பிலேயே வளர்ந்தவர். முதல் நாள் நான் கல்லின் நிறத்தையும் அளவையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் வளவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "கல்லைப் பிறகு பாப்பம் தங்கச்சி. மாரித் தண்ணி எங்கால போறது எண்டு முதல்ல காட்டுங்கோ" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுத்தேன். முன்பு வந்து விலை சொன்ன யாரும் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முற்றம் 30 அடிக்கு 20 அடி, பாதை 10 அடி அகலம். மொத்தம் 1,000 சதுர அடி. முழுவதையும் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டினார்கள். கல்லின் உயரம் 4 அங்குலம், அதன் கீழே 2 அங்குலம் குவாரித் தூள், அதற்கும் கீழே 6 அங்குலம் ஏபிசி மெற்றல், அதாவது பெரிதும் சிறிதுமாய்த் தூளோடு கலந்த உடைகல். கணக்குப்படி மெற்றல் 5 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அமுக்கினால் இறங்கும் என்பதால் 6 கியூப் இறக்கினோம். அதை ஒரேயடியாகக் கொட்டி அமுக்கவில்லை. 3 அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, கொம்பக்டரால் அடித்து, பிறகு அடுத்த 3 அங்குலம். ஐந்து நாள் இதிலேயே போனது. கல் ஒன்றுகூடப் பதிக்கவில்லையே என்று அம்மா முணுமுணுத்தார். காசு போனது மண்ணுக்குள் என்று எனக்கும் அப்போது மனம் அடித்துக்கொண்டதுதான். ஆனால் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு நூல் பிடித்துப் பார்த்தேன், நடு முற்றத்தில் ஓர் இடமும் இறங்கவில்லை.

வாட்டம் 60க்கு 1. முப்பது அடி முற்றத்துக்கு ஆறு அங்குலம் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிகிறது. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் வேலியோரக் கானுக்குள் எல்லாம் வடிந்துவிடுகிறது.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் பக்கம், வன்னியில், பழைய உறுதியான பாறை. இலங்கையின் பாறைகளைப் பிரிக்கும் நிலவியலாளர்கள் ஒரு பிரிவுக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நல்ல கல் கிடைக்க நான் கஷ்டப்பட்டேன். வேறொரு இடத்தில் நானே காசு கட்டி எடுப்பித்த முதல் லோட்டில் 3 அங்குலக் கல்லும் 6 அங்குலக் கல்லும் கலந்து கிடந்தன, பாதி உக்கல். மூத்தவர் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். நல்ல கல் "கிண்" என்றது. உக்கல் கல் "பொத்" என்று சத்தமில்லாமல் அடங்கியது, விளிம்பு விரலாலேயே உதிர்ந்தது. அந்த லோட்டைத் திருப்பி அனுப்பினேன், ஏற்றுக்கூலி நட்டம் எனக்குத்தான். பிறகு அவர்களே தெரிவு செய்து கொண்டுவந்தார்கள். சதுர அடிக்கு ஏழெட்டுக் கல், எல்லாமாக 7,700 அளவில். நீங்கள் யாரும் எடுப்பதானால் சுத்தியலோடு போங்கள்.

எனக்கு இருந்த பெரிய பயம் சக்கர நாற்காலி. கையால் உடைத்த கல் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதற்கு அவர்கள் ஒரு வழி செய்தார்கள். பாதையின் நடுவே 4 அடி அகலத்துக்கு மட்டும், கல்லின் மேல் முகத்தை உளியால் அம்மி பொளிவது போலப் பொளிந்து மட்டமாக்கி, இடைவெளியையும் நெருக்கிப் பதித்தார்கள். ஒரு தம்பி இரண்டு நாள் வேப்பமரத்தின் கீழே சாக்கை விரித்து இருந்து அந்த வேலையை மட்டுமே செய்தார். மட்டமானாலும் வழுக்காது, பொளிந்த புள்ளிகள் சில்லைப் பிடித்துக்கொள்கின்றன. விறாந்தை ஒன்றரை அடி உயரம். அதற்கு 12க்கு 1 சரிவில் 18 அடிச் சாய்தளம் வைத்தோம். அண்ணர் நாற்காலியில் இருந்தே வேலை பார்த்தார், எங்கே தடக்குகிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஏழெட்டுக் கல்லைக் கிளப்பி மாற்றினார்கள். முகம் சுளிக்கவில்லை.

இடைவெளிகளைச் சீமெந்தால் அடைக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். கீழே அசைந்து கொடுக்கும் தூள் இருக்க மேலே சீமெந்து வைத்தால் வெடித்துப் பெயரும் என்றார்கள். குவாரித் தூளையே கூட்டி நிரப்பி, தண்ணீர் விட்டு இறக்கினார்கள். சரி, அதன் விளைவு புல். மாரியில் இரண்டு தரம் இருந்து பிடுங்கினேன்.

குறைகளும் உண்டு. 12 நாள் என்று சொன்ன வேலை 19 நாள் ஆனது. கேற்றடியில் தண்ணீர்க் குழாய் போன கிடங்கை ஒழுங்காக அமுக்கவில்லை, அந்த வரிசை ஒன்றரை அங்குலம் இறங்கியது. தொலைபேசி எடுத்த நான்காம் நாள் வந்து, முப்பது கல்லைக் கிளப்பி, கீழே நிரப்பி, அதே கற்களை வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார்கள். கொங்கிறீட் என்றால் உடைத்துத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் சில. நெல்லை நேரே கொட்டிக் காயவிட முடியாது, இடைவெளிக்குள் போய்விடும், படங்கு வேண்டும். பங்குனி வெயிலில் மதியம் வெறுங்காலோடு நிற்க ஏலாது. தைப்பொங்கலுக்குக் கல்லின் மேல் நேரே அடுப்பு மூட்ட வேண்டாம் என்று மூத்தவர் சொல்லியிருந்தார், சூட்டில் கருங்கல் சிலும்பிப் பெயருமாம். பாறையை நெருப்பு வைத்து உடைத்த காலம் ஒன்று இருந்ததல்லவா. மணலை அரையடி கொட்டி அதன் மேல் செங்கல் வைத்துப் பொங்கினோம். லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெசினை, இரும்புச் சில்லோடு உள்ளே விடுவதில்லை.

இன்டர்லொக் சீமெந்துக் கல்லைவிடச் செலவு கூடத்தான். ஆனாலும் இந்தக் குழுவை நான் திரும்பக் கூப்பிடுகிறேன். அறுவடை முடிய, சித்திரையில் கிணற்றடிக்கு வருகிறார்கள். மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் இப்போது அண்ணர்தான் முதலில் கேற்றடிக்குப் போகிறார், மடியில் சட்டியோடு.