காப்பர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அலுமினியம் சுற்றினார்கள்: போர் மோட்டார் ரீவைண்டிங் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ரீவைண்டிங் செய்ய, அதாவது எரிந்த கம்பிச் சுருளை (காயில்) எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றக் கொடுப்பது, நம்மில் பெரும்பாலோர் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே பணம் கொடுக்கும் வேலை. நானும் அப்படித்தான் இருபது ஆண்டுகளாகக் கொடுத்து வந்தேன். சென்ற மார்கழியில் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டேன். மோட்டார் எரிந்து, பயிர் காய்ந்து நிற்கும் அவசரத்தில் எதையும் விசாரிக்கத் தோன்றாது என்பதால், மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மேலூர் வட்டத்தில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம்; அதற்குக் கீழே இருக்கும் எங்களுக்கு ஒருபோகந்தான். வைகை அணையில் இருந்து புரட்டாசி வாக்கில் தண்ணீர் திறந்தால், வழக்கமாக முதல் 45 நாள் முழுமையாகவும் அடுத்த 75 நாள் முறை வைத்தும் விடுவார்கள். முறை விடும் காலத்தில் கடைமடைக்கு வந்து சேரும் தண்ணீரை நம்பி நெல்லை விளைவிக்க முடியாது. ஆகவே 280 அடியில் தொங்கும் 7.5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார்தான் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் எங்கள் பயிருக்கு உயிர்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரவு அது நின்றுவிட்டது. இருபது அடி ஜி.ஐ. பைப் பதினான்கையும் கழற்றி மேலே எடுத்தபோது எரிந்த வாடை வந்தது. டீக்கடையில் இரண்டு பேர் சொன்னதை வைத்து, பக்கத்து ஊர்ச் சாலையோரத்தில் இருந்த ஒரு வைண்டிங் கடையில் கொண்டுபோய் இறக்கினேன். (அந்த விவகாரம் இப்போது புகார் நிலையில் இருப்பதால் கடையின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப்போவதில்லை, பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம்.) கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மிகுந்த மரியாதையாகப் பேசினார். "ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே, மூணு நாள்ல தண்ணி பாய்ச்சலாம்" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். காப்பர் கம்பி 6 கிலோ 200 கிராம், கிலோ 950 ரூபாய் வீதம் 5,890; கூலி 2,500; புஷ், த்ரஸ்ட் பேரிங் 1,100; ஆக மொத்தம் 9,490 ரூபாய். தாளின் தலைப்பில் கடையின் பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. முறையான பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா பதினெட்டு பர்சன்ட் கூடும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். ஆயிரத்து எழுநூறு ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

பழைய கம்பியைக் கேட்டபோது, "அது எரிஞ்சு கரியாப் போச்சு, எடைக்குக்கூடப் போடமாட்டாங்க" என்றார். அதையும் நம்பினேன். மோட்டாருக்குள் எரிவது கம்பியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறைதான். செம்பு உருகவே 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆறு கிலோ செம்பு அப்படியே இருந்திருக்கும், அன்றைய பழைய செம்பு விலையில் அது மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மூளை அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சோதித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலுமினியக் கம்பி சுற்றி ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், கம்பியைக் காட்டச் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. ரீலில் இருந்து ஒரு சாண் இழுத்து, பிளேடால் மேலுறையைச் சீவிக் காட்டினார். உள்ளே செக்கச்செவேலென்று மின்னியது. திருப்தியோடு டீ குடிக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 2 அன்று மோட்டாரை இறக்கினோம். தண்ணீர் நன்றாகவே வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டர் மட்டும் 18-இல் நின்றது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 15 என்று இருக்கும். முன்பெல்லாம் 14-க்கு மேல் முள் ஏறியதில்லை. கூடவே வந்திருந்த கடைக்காரரிடம் கேட்டேன். "புது காயில்ண்ணே, தண்ணில ஊறி செட் ஆக நாலு நாள் ஆகும், அப்புறம் தானா இறங்கிரும்" என்றார். நான் வரப்புப் பக்கம் மடை திறக்கப் போன நேரத்தில் அவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஏதோ சரி பார்த்துவிட்டு மூடினார். மீதிப் பணத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பினேன்.

நாலு நாளிலும் இறங்கவில்லை, பத்து நாளிலும் இறங்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் வோல்டேஜ் குறைவு என்றார். பத்தொன்பதாம் நாள், டிசம்பர் 21 அன்று விடியற்காலையில், மோட்டார் மறுபடியும் நின்றது. என்.எல்.ஆர். நெல் அப்போதுதான் கதிர் வெளியே தள்ளிப் பூத்துக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் மணி பதராகிவிடும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடுகளும் தவித்தன. மார்கழிப் பனியில் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதால் காலையில் வாளி வாளியாகக் குடிக்கும் இரண்டு பசுக்களும், தொட்டியில் இரவெல்லாம் கிடந்து சில்லிட்ட தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

கடைக்காரர் இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "லைன்ல ஒரு பேஸ் போயிருக்கும், அதுக்கு நான் என்ன செய்ய" என்றார். அதற்குள் மோட்டாரை மேலே எடுத்து மதுரைக்குக் கொண்டுபோய்விட்டேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், நாற்பது ஆண்டுகளாக இதே வேலையைச் செய்யும் பெரியவர் ஒருவரிடம் என் மைத்துனர் அழைத்துப் போனார்.

அங்கே பார்த்ததைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) இருந்து காயிலை வெட்டி எடுத்த பெரியவர், ஒரு கற்றையை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மெல்ல மேலும் கீழும் அசைத்தார். "கை சொல்லுது தம்பி, இது காப்பர் இல்ல" என்றார். நான் சிவப்பாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் கட்டரால் ஒரு கம்பியை நறுக்கென்று வெட்டி, வெட்டுமுகத்தை என் பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். விளிம்பில் மயிரிழை அளவுக்குச் சிவப்பு. நடுவே முழுக்க வெள்ளை. பிறகு கத்தியால் பக்கவாட்டில் அழுத்திச் சுரண்டினார். மேல்தோல் உரிந்ததும் அலுமினியப் பாத்திரத்தின் நிறம் தெரிந்தது.

இதைச் செம்பு போர்த்திய அலுமினியக் கம்பி என்கிறார்கள். இது கள்ளப் பொருள் அன்று. சில வேலைகளுக்கு இதையே முறையாக விற்கிறார்கள். விவரம் சொல்லி, அதற்குரிய விலை வாங்கியிருந்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செம்பு இருந்த இடத்தில் அதே பருமனில் இதைச் சுற்றினால் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அந்த அளவுக்குச் சூடும் கூடும். அதை ஈடுகட்டத் தடித்த கம்பியாகப் போட்டால், கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் அத்தனை சுற்றும் அடங்காது. சுற்றைக் குறைத்தால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறும். என் மோட்டாரில் பெரியவர் சுற்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, குறைத்திருக்கிறார்கள் என்றே சொன்னார். 18 ஆம்பியருக்கான காரணம் அங்கே கிடந்தது.

பிறகு காயில் முழுவதையும் தராசில் போட்டார். உறையோடு சேர்த்து 2 கிலோ 600 கிராம். என் கையிலிருந்த தாளில் 6 கிலோ 200 கிராம். செம்பின் எடை இந்தக் கம்பியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பதால், ஒரே மோட்டாருக்குள் ஒரே இடத்தை நிரப்பும் இரண்டு கம்பிகளுக்கு இடையே இந்த வித்தியாசம் வந்தே தீரும். நிறத்தைப் பூசி மறைக்கலாம். எடையை மறைக்க வழியில்லை. நான் பிளேடு பிடித்துப் பார்த்த நேரத்தில் தராசைப் பார்த்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது பெரியவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "பதினெட்டு ஆம்பியர்ல பத்தொம்பது நாள் ஓடிருக்கே, ரிலே ஏன் கட் பண்ணல?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். ஓவர்லோடு ரிலேயில் 14 முதல் 23 வரை எண்கள் போட்ட சிறிய திருகு ஒன்று உண்டு. மோட்டார் அந்த அளவுக்கு மேல் இழுத்தால் ரிலே தானாக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். திருகின் அம்பு 22-இல் நின்றது. தூசி படிந்திருந்த அந்தப் பெட்டிக்குள் திருகின் பள்ளம் மட்டும் புதுக் கீறலோடு பளபளத்தது. முந்தைய ஆண்டு ஆட்டோ சுவிட்சு மாட்டியபோது என் மகன் எடுத்த படம் அவன் கைப்பேசியில் இருந்தது. அதில் அம்பு 15-க்கு நேராக நிற்கிறது. 15-இல் விட்டிருந்தால் முதல் நாளே ரிலே துண்டித்திருக்கும், குட்டும் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

கடைக்காரரை நேரில் பார்த்தேன். கம்பி விற்றவர்தான் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று சாதித்தார். அப்படியும் நடந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் கம்பி எடைக்கணக்கில் விற்கும் பொருள். எந்தக் கம்பியாக இருந்தாலும் என் மோட்டாருக்குள் போனது 2 கிலோ 600 கிராமுக்கு மேல் இல்லை; தாளில் 6 கிலோ 200 கிராம் என்று எழுதிய கை அவருடையதுதான். ரிலேயைத் திருப்பிய கையும் கம்பி விற்றவருடையது அன்று. இதைச் சொன்னதும், கூலி வாங்காமல் இன்னொரு முறை சுற்றித் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டு வந்தேன்.

மதுரைப் பெரியவர் என் கண்முன்னே 6 கிலோ 300 கிராம் செம்புக் கம்பியை நிறுத்துச் சுற்றினார். வரியோடு பில் 10,974 ரூபாய் ஆனது. மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி இரண்டாவது முறையும் 4,000. இடைப்பட்ட பதினோரு நாளுக்குப் பக்கத்து வயல்காரரிடம் மணிக்கு 120 ரூபாய் வீதம் 40 மணி நேரத் தண்ணீருக்கு 4,800. முந்தைய ஆண்டு இரண்டு ஏக்கரிலும் சேர்த்து 62 மூட்டை எடுத்த வயலில் பொங்கல் கழித்து 47 மூட்டைதான் கண்டோம்.

ஆகவே மோட்டார் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பழைய காயிலை உங்கள் முன்னால் வெட்டி எடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். அந்த எடைதான் புதுக் கம்பிக்கும் ஏறத்தாழ அளவு. பழையது உங்கள் சொத்து, வீட்டுக்கு எடுத்து வாருங்கள் அல்லது கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். புதுக் கம்பியில் உறையைச் சீவிப் பார்த்தால் போதாது; வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஆழமாகச் சுரண்டிப் பாருங்கள், ஒரு முழம் வாங்கித் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி முடித்ததும் மூன்று பேஸுக்கும் மின்தடை சமமாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் வகை மோட்டார் என்றால், நல்ல தண்ணீர் நிரப்பித்தான் இறக்குகிறார்களா என்பதையும் நின்று பாருங்கள். ரிலேயின் எண்ணை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். இறக்கிய பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் காட்டும் ஆம்பியர்தான் உண்மை. "செட் ஆகும்" என்று யாராவது சொன்னால் அவரைக் கிளம்ப விடாதீர்கள்.

முறையான பில் வாங்காதது என் தவறு. புகார் எழுதும்போது அதுதான் முதலில் இடித்தது. கையில் இருப்பவை அவர் கையெழுத்தில் உள்ள தாள், கைப்பேசிப் பணப் பரிமாற்றம், மகன் எடுத்த படம், மதுரைப் பெரியவர் எழுதிக் கொடுத்த எடைக் குறிப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசியபின், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக விவசாயம் செய்பவரும் அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான்.

இப்போது மோட்டார் 14 ஆம்பியரில் ஓடுகிறது, ரிலே 15-இல் நிற்கிறது. அந்த 2 கிலோ 600 கிராம் கம்பியை உரச்சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். ஆணையம் கூப்பிடும் நாளில் ஒரு தராசும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.