குவில்ட் வாழ்த்து அட்டை: துணியா, மெஷினா, கைத்தையலா?

குவில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வையின் அழகை வாழ்த்து அட்டையில் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டலாம். வண்ணத்தாளை ஒட்டி அதன்மேல் தையல் மெஷினை ஓட்டலாம். அதே தாளில் கையால் நூலோட்டம் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கும் எளிய தையல்) போடலாம். தங்கை மகளின் பிறந்தநாளுக்காக மூன்றையும் செய்து பார்த்தேன். தபாலில் சேர்த்தது மூன்றாவதை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

துணியின் கவர்ச்சியை மறுக்க முடியாது. தெரிந்த தையல் கடையில் கேட்டால் வெட்டுத் துணி ஒரு பை நிறையக் கிடைக்கும். சிக்கல் பசையில் இருக்கிறது. வெள்ளைப் பசையின் ஈரம் மெல்லிய பருத்தியில் ஊறி மேலே கறையாகத் தெரியும். காயும்போது அட்டையையும் வளைத்துவிடும். ஓரங்களில் நூல் பிரியும். உறையும் உப்பிக்கொள்ளும்.

மெஷினில் வேகம் உண்டு, கோடும் நேராக வரும். தாள் ஊசிமுனையை மழுக்கும் என்பதால், தேய்ந்த ஊசி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். தையல் நீளத்தை 3 அல்லது 4 மி.மீ. வைக்க வேண்டும், நெருக்கமாக விழுந்தால் தபால்தலையின் ஓரம்போல அட்டை அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். என்னுடையது காலால் மிதிக்கும் மெஷின். மின்சார மெஷினில் அட்டை தைத்த பழக்கம் எனக்கு அதிகம் இல்லை. அதில் இன்னும் எளிதாக இருக்கலாம்.

ஆனால் மெஷின் எதுவானாலும் ஒரு விஷயம் மாறாது. துணியில் கோணலாக விழுந்த தையலைப் பிரித்துவிட்டு நகத்தால் நீவினால், இழைகள் கூடிக்கொண்டு துளை மறைந்துவிடும். தாளில் விழுந்த துளை அப்படியே நிற்கும். மெஷினில் துளையும் நூலும் ஒரே நொடியில் விழுகின்றன. கோணலைக் கண்ணால் காணும்போது அட்டை வீணாகியிருக்கும். கைத்தையலில் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். முதலில் துளை மட்டும். தெர்மாகோல் துண்டின்மேல் அட்டையை விரித்து, அதன்மேல் கட்டம் போட்ட கணக்குத்தாளை நகராமல் பிடித்து, 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குண்டூசியால் குத்த வேண்டும். கணக்குத்தாளில் கோட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து வரையலாம். அட்டையில் ஊசி இறங்கும்போது இடம் முடிவாகியிருக்கும். அதன்பிறகு நூல் கோப்பது நிம்மதியான வேலை. என்னை இந்தப் பக்கம் சாய்த்தது இதுதான். அழகு, செலவு எல்லாம் இதற்குப் பின்புதான்.

வடிவத்துக்கு அமெரிக்கக் குவில்ட்களில் பெயர்பெற்ற 'லாக் கேபின்' நன்றாகப் பொருந்துகிறது. நடுவில் 2 செ.மீ. சிவப்புச் சதுரம். அதைச் சுற்றி 1 செ.மீ. அகலப் பட்டைகள். முதல் சுற்றில் நீளம் 2, 3, 3, 4 செ.மீ.; அடுத்த சுற்றில் 4, 5, 5, 6. இப்படி நான்கு சுற்றில் 10 செ.மீ. சதுரம் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பட்டைகள் வெளிர்நிறம், அடுத்த இரண்டு அடர்நிறம் என்று வைத்தால், சதுரம் மூலைவிட்டமாக ஒளியும் நிழலுமாகப் பிரிந்து நிற்கும்.

துணியே இல்லாமல் குவில்ட் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த குவில்ட்களை அமெரிக்க அஞ்சல் துறை 2006-இல் தபால்தலைகளாக வெளியிட்டது. அவ்வளவு சிறிய தாளிலும் அவற்றின் மிடுக்கு குறையவில்லை. நிறமும் பட்டைகளின் அடுக்குமே அதைத் தாங்கிவிடுகின்றன. தையலிலும் பெரிய வித்தை வேண்டாம். பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவின் அடிப்படையே வெறும் நூலோட்டம்தான்.

அட்டை 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) கனம் இருக்கட்டும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டு போதும். நுனியை முடிச்சிட்டால் முன்பக்கம் புடைக்கும். பின்புறம் டேப் போட்டு ஒட்டி, உள்ளே வெள்ளைத்தாள் ஒன்றால் மூடிவிடலாம். வாழ்த்தை அந்தத் தாளிலேயே எழுதலாம்.

ஒரே ஓர் இடத்தில் துணிக்கு விட்டுக்கொடுப்பேன். குழந்தையின் முதல் சட்டையோ பாட்டியின் சுங்குடிப் புடவையோ கையில் இருந்தால், அதற்கு ஈடாக எந்தத் தாளும் வராது. அப்போது நடுச் சதுரத்துக்கு மட்டும் அந்தத் துணியை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டம் போட்டுவிடுங்கள். இழை பிரியாது, அட்டையும் வளையாது.