‘டெலிவரி இலவசம்’ என்பதை நம்பி ஐந்து மாதம் ஏமாந்தேன்

உணவு டெலிவரி செயலியில் மாதச் சந்தா கட்டிவருபவர்கள் உங்களுடைய கடைசிப் பத்து பில்களை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். நான் ஐந்து மாதங்களாகப் பார்க்கவில்லை. பார்த்த அன்று வயிறு எரிந்தது.

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாது. என் வேலையையும் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சமைப்பதும் நடக்கவில்லை. ‘சந்தா கட்டினால் டெலிவரி இலவசம்’ என்று செயலி சொன்னது, கட்டிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை ஒரே ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரும். அந்த ஹோட்டல் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். ஒவ்வொரு முறையும் திரையில் ‘டெலிவரி கட்டணம் 0’ என்று பச்சை எழுத்தில் வரும். அதைப் பார்த்துவிட்டு மற்ற வரிகளைப் படிக்காமலே பணம் கட்டிவந்தேன்.

போன மாதம் அம்மாவின் மருத்துவ அறிக்கைகளை வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணியை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டுத் தபால் அலுவலகம் போனேன். கவுன்டரில் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார், எடையைச் சொன்னார், தொகையைச் சொன்னார், ரசீது கொடுத்தார். திரும்பும் வழியில் அந்த ஹோட்டலுக்குள் முதன்முறையாகப் போய், வழக்கமாக வரவழைக்கும் அதே மூன்று பொருள்களை நேரில் வாங்கினேன். தொகையைக் கேட்டதும் கூட்டலில் ஏதோ தவறு என்றே நினைத்தேன். “ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே?” என்றேன். கல்லாவில் இருந்தவர் சுவரில் மாட்டியிருந்த விலைப்பலகையைக் காட்டினார். “இதுதானம்மா எங்கள் விலை. ஆப்பில் இருப்பது வேறு. அவர்கள் பிடித்துக்கொள்ளும் கமிஷனை விலையில் ஏற்றாமல் நாங்கள் எங்கே போய் எடுப்பது?”

வீட்டுக்கு வந்ததும் மேஜைமேல் தபால் ரசீதையும் ஹோட்டல் பில்லையும் வைத்தேன். கைப்பேசியில் முந்தைய வாரத்து ஆர்டரைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். தபால் ரசீதில் எடைக்கு ஒரு வரி, கட்டணத்துக்கு ஒரு வரி, அடியில் உறையின் எண். செயலியின் பில்லை விரலால் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் 100 என்றிருந்த சாப்பாட்டுக்குச் செயலி போட்ட விலை 122. அதன்மேல் பேக்கிங் 7, பிளாட்பார்ம் கட்டணம் 4, நெரிசல் நேரக் கட்டணம் 5. எனக்கு முன்பே டிக் போடப்பட்டிருந்த டிப்ஸ் 8. ஆக 146. அரசு வரியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கு. மாதச் சந்தா இதில் சேரவில்லை. ‘இலவச’ டெலிவரிக்கு நான் கொடுத்தது நூற்றுக்கு நாற்பத்தாறு. ஐந்து மாதத்தில் இப்படி 41 ஆர்டர்கள். பல நூறு கிலோமீட்டர் தாண்டி அண்ணன் கையில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப்படும் அந்த உறைக்கு ஆன செலவு, ஒரே ஒரு ஆர்டரில் நான் கூடுதலாகக் கொடுத்ததைவிடக் குறைவு.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “ஒருவர் உனக்காக மட்டும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். தபால்காரர் ஒரே நடையில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகிறார். இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய்?” என்று கேட்டார். சரியான கேள்விதான். தனியாக ஒரு நடை வருவதற்குக் காசு அதிகம் ஆகும், அதைக் கேட்பதில் தவறே இல்லை. அதை முதலிலேயே ‘டெலிவரிக்கு இவ்வளவு’ என்று சொல்லியிருந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். பூஜ்யம் என்று காட்டிவிட்டு அதே காசைச் சாப்பாட்டு விலைக்குள்ளும் வேறு நான்கு பெயர்களிலும் வாங்கியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

தபாலிலும் ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இருந்தது. பிரிட்டனில் 1840-க்கு முன் கடிதத்துக்குத் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். பெரும்பாலும் பெறுபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். கடிதம் வாசலுக்கு வந்த பிறகுதான் எவ்வளவு என்பது தெரியும். தபால் சீர்திருத்தத்துக்காக வாதாடிய ரோலண்ட் ஹில் 1837-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான். செலவைத் தூக்கிவிட்டவை வீடு வீடாகக் காசு வசூலிப்பதும் அந்தக் கட்டணங்களுக்குக் கணக்கு எழுதுவதுமே. 1840 ஜனவரி 10 முதல் நாடு முழுவதும் எடைக்கு ஏற்ற ஒரே கட்டணம் வந்தது. மே மாதம் அஞ்சல் தலையும் வந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போகிற கடிதமும் மலைக்கு அப்பால் போகிற கடிதமும் ஒரே விலை, அதுவும் அனுப்பும்போதே தெரிகிற விலை. இன்று என் கைப்பேசி தூரத்துக்கு ஒரு விலை, மழைக்கு ஒரு விலை, இரவு எட்டு மணிக்கு ஒரு விலை என்று போடுகிறது. மொத்தத் தொகை கடைசித் திரையில்தான் தெரிகிறது. அதற்குள் நாம் பசியோடு பத்து நிமிடம் தேர்ந்தெடுத்துக் களைத்திருப்போம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் இல்லினாய் மாநிலமும் கிரப்ஹப் என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின்மேல் கொண்டுவந்த வழக்கை, அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது. டெலிவரிக்கு ஆகும் முழுச் செலவை வாடிக்கையாளரிடம் மறைத்தது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. ஹோட்டல்களிடம் வாங்கும் கமிஷன் பல இடங்களில் 30 சதவீதம் வரை போனதால், 2021-இல் நியூயார்க் நகரம் டெலிவரிக்கு 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே போட்டது. கல்லாவில் இருந்தவர் சொன்னதை நான் நம்பியதற்கு இதுவும் காரணம்.

டிப்ஸ் விஷயம்தான் எனக்கு அதிகம் வலித்தது. கொண்டுவருபவருக்குப் போய்ச் சேருகிறது என்ற நிம்மதியில்தான் அந்த டிக்கை எடுக்காமல் விட்டிருந்தேன். அமெரிக்காவின் இன்னொரு உணவு டெலிவரி நிறுவனமான டோர்டாஷ் 2017 முதல் 2019 வரை வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸைத் தொழிலாளிக்குத் தான் தர வேண்டிய கூலியில் ஈடுகட்டிக்கொண்டது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கண்டறிந்தார். 2025-இல் அந்த நிறுவனம் 1 கோடியே 67.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இதைப் படித்த பிறகு கொண்டுவருபவரின் கையிலேயே கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி புகார் கொடுத்த கதை. ஒருநாள் மூன்று பொருள்களில் ஒன்று வரவில்லை. அம்மா மாத்திரை போடுவதற்கு முன் சாப்பிட வேண்டியது அதுதான். ‘உதவி’ பொத்தானை அழுத்தினால், உங்கள் மனவருத்தம் புரிகிறது என்ற ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தது. படம் கேட்டார்கள். வராத பொருளை எப்படிப் படம் எடுப்பது? கடைசியில் அந்தப் பொருளின் விலை மட்டும் செயலியின் வாலட்டில் ஏறியது. வங்கிக் கணக்குக்கு வரவில்லை. ஏழு நாளுக்குள் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. அதாவது அவர்கள் தவறுக்கு அவர்களிடமே நான் இன்னொரு ஆர்டர் போட வேண்டும். இரண்டு நாள் கழித்து மேலிடத்துக்கு எழுதலாம் என்று தேடினேன். அந்த ஆர்டரில் உதவிப் பொத்தானே இல்லை.

தபால் தாமதமாகும், தொலையவும் தொலையும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ரசீதில் எண் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் விசாரிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும்கூட, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரை விசாரணை கேட்கலாம் என்று உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கையே சொல்கிறது. 1874-இல் தொடங்கிய அந்த ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன. எனக்குச் செயலி கொடுத்த அவகாசம் இரண்டு நாள்கூட இல்லை.

செயலியில் ஆர்டர் போடுவதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு போன் செய்து நேர் விலையைக் கேளுங்கள். பல ஹோட்டல்கள் தங்கள் ஆளையே அனுப்புகின்றன, நான் கேட்ட பிறகுதான் எனக்கும் அது தெரிந்தது. பில்லைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே படம் எடுங்கள். வாலட்டில் போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாமல், பணம் கட்டிய வழியிலேயே திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

சந்தாவை நிறுத்தியவர்கள் வங்கிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஐந்து திரைகளைத் தாண்டி ‘ரத்து’ என்று அழுத்தினேன், ரத்தாகிவிட்டது என்று செய்தியும் வந்தது. அடுத்த மாதம் அதே தேதியில் பணம் எடுக்கப்பட்டது. தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை நான் வங்கியில் தனியாக நீக்கியிருக்க வேண்டுமாம். வங்கிக்கு எழுதிக் கொடுத்து அதை நிறுத்தியாகிவிட்டது. எடுத்த பணம் இன்னும் வரவில்லை. அதைக் கேட்டு அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு நேற்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.