லோங்ஜி போகிறீர்களா? கால்குலேட்டரில் காட்டும் விலைக்குத் தலையாட்டாதீர்கள்

சீனாவின் குவாங்சி மாநிலத்தில், குய்லினிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் லோங்ஜி அடுக்கு வயல்கள். டிராகனின் முதுகெலும்பு என்று பொருள். யாவ் மக்களும் சுவாங் மக்களும் யுவான் வம்சக் காலம் (13-14ஆம் நூற்றாண்டு) தொட்டு மலையை வெட்டி நெல் போட்டு வரும் இடம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். கதிர் முற்றி மலையே மஞ்சளாகக் கிடந்தது. இடத்தைக் குறை சொல்ல வாய் வராது.

தாஜாய் கிராமத்திலிருந்து பிங்ஆன் வரை நடப்பதாகத் திட்டம். நாலைந்து மணி நேர நடை. நான், மனைவி, ஒன்பது வயது மகன், 66 வயது அம்மா. வண்டியை விட்டு இறங்கியதுமே முதுகில் கூடை மாட்டிய பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கால்குலேட்டரில் 150 என்று தட்டிக் காட்டினார். எங்கள் இரண்டு பைகளையும் சுமந்து, வழியும் காட்டுவாராம்; எல்லாம் சைகையில்தான். 150 யுவான்தானே, சரி என்றேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மூன்று மணி நேரம் நன்றாகத்தான் போனது. செங்குத்தான படிகளில் அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டதும் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவழியில் ஜோங்லியு கிராமம். அவருக்குத் தெரிந்த வீட்டில் சாப்பாடு. விலைப்பட்டியல் கிடையாது, நாங்களும் கேட்கவில்லை. அம்மா சைவம். "இறைச்சி வேண்டாம்" என்று மகன் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்ட, எல்லோரும் தலையாட்டினார்கள். மூங்கில் குழாயில் சுட்ட சோறு வந்தது. பிளந்தால் உள்ளே பொடிப்பொடியாக உப்புக்கண்டப் பன்றிக்கறி! அங்கே அந்தச் சோற்றைப் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்களாம். அந்தத் துணுக்குகளைக் கறி என்றே அவர்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது. அம்மாவுக்கு அன்று மதியம் பிஸ்கட்தான். நாலு மூங்கில் சோறு, ஒரு கீரை, ஒரு முட்டைப் பொரியல்: 420 யுவான்.

கொடுத்துவிட்டு எழுந்தால், கூடையை இறக்கி வைத்துவிட்டார். 150 என்பது ஒரு பைக்காம், அதுவும் இந்த ஊர் வரைக்குமாம். பிங்ஆன் போக இன்னும் 200. ஆக 500. நான் தமிழில் கத்தினேன், அவர் அவர் மொழியில் கத்தினார், மகன் செயலியை வைத்துக்கொண்டு நடுவில் திண்டாடினான். கடைசியில் 400க்கு முடிந்தது. கூகுள் வரைபடம் அங்கே உதவாது, அம்மாவுக்கோ கால்வலி; வேறு என்ன செய்ய? அப்புறம் பார்த்தால், மிச்ச வழி முழுக்கக் கல் பாவிய ஒற்றைப் பாதை. வழிகாட்டியே தேவையில்லை.

மறுநாள் பிங்ஆனிலிருந்து கீழே வண்டி நிறுத்தத்துக்கு இறங்க வேறொரு பெண்ணிடம் பேசினோம். இந்த முறை செயலியில் முழுசாக எழுதினேன்: "இரண்டு பைகளுக்கும் சேர்த்து 60 யுவான், வண்டி நிறுத்தம் வரை, வேறு எதுவும் கிடையாது." அவர் படித்துவிட்டுச் சிரித்தார். கீழே வந்ததும் 60தான் வாங்கினார். அம்மா மேலே ஒரு பத்து யுவான் நோட்டை அவர் கையில் திணித்தார்.