குறிபார்த்துப் பழக ஒரு .22 பிஸ்டல்: 400 டாலர் அளவில் எது தேறும்?

ரூகர் மார்க் 4 வரிசையில் வரும் 22/45. என் பதில் இதுதான். 300 டாலருக்கு மேல் போட மனமில்லை என்றால் டாரஸ் டிஎக்ஸ்22. துப்பாக்கியையே தொடாதவருக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் ரூகர் ரேங்ளர் ரிவால்வர். அவசரக்காரர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன்.

நான் இருப்பது டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே. இங்கே துப்பாக்கி என்றதும் பெரும்பாலும் தற்காப்புப் பேச்சுதான். எனக்கு அது விஷயமே இல்லை. காகித இலக்கில் ஓட்டைகளை எவ்வளவு நெருக்கமாகப் போட முடியும் என்பதில்தான் எனக்கு ஆசை. மூச்சை அடக்கி, முன் சைட்டை (குழாய் முனையில் இருக்கும் குறிமுள்) மட்டும் பார்த்து, விரலை மெதுவாக அழுத்துகிற அந்த நேரத்தில் ஆபீஸ் மீட்டிங் எதுவும் தலையில் இருக்காது. திருச்சியில் கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்து .22 ரைஃபிள் சுட்டதிலிருந்து வந்த ஆசை இது. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் சுடுவதும் இதே .22 (சுமார் 0.22 அங்குல விட்டம்) தோட்டாதான், 2012 லண்டனில் நம் விஜய் குமார் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியது இதில்தான்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் பின்னணிச் சரிபார்ப்பு செய்வார். "வாங்கினால்தானே தப்பு, சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமே" என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். தடை கையில் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான். விசாவில் இருப்பவர்கள் வக்கீலிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ஒரு பொழுதுபோக்குக்காகக் குடியேற்ற வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் .22? முதல் காரணம் காசு. .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள், இந்த பிஸ்டல்கள் சுடும் வகை) தோட்டா ஒன்று ஏழிலிருந்து பத்து சென்ட்டுக்குள் கிடைக்கிறது. 9 எம்.எம். அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. இரண்டாவது காரணம் உதைப்பு. இதில் உதைப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சுடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வது, மணிக்கட்டைக் கீழே தள்ளுவது போன்ற கெட்ட பழக்கங்கள் தொற்றாமல் பழகலாம். 1887-லிருந்து இருக்கிற தோட்டா, இன்றைக்கும் இதற்கு மாற்று வரவில்லை.

ஆனால் .22 போன்ற ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்துச் சுடும்) தோட்டாவுக்கு ஒரு குணம் உண்டு, அது தெரிந்தால்தான் பிஸ்டலை எடைபோட முடியும். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு பிரைமர், அதாவது தீமூட்டும் மருந்து, இருக்கும். .22-இல் அந்த மருந்து அடி விளிம்பின் உள்ளே சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அடித்த இடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் இருந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. அப்படி ஆனால் குழாயை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்திருந்துவிட்டு எடுத்துப் பாருங்கள். விளிம்பில் நகக்குறி போல ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் குறை பெரும்பாலும் தோட்டாவில். லேசாக இருந்தால் துப்பாக்கியைத் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மேகசினில் (தோட்டாக்களை நிரப்பிப் பிடிக்குள் செருகும் கூடு) போடும்போதும் இந்த விளிம்பைக் கவனிக்க வேண்டும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டினால் ஏறாது, சிக்கும். ஒவ்வொன்றாக, விளிம்பு முன்னால் உட்காரும்படி போட வேண்டும்.

இனி டாரஸ் டிஎக்ஸ்22. 2019-இல் வந்தது. கடைகளில் 250-லிருந்து 300 டாலருக்குள் பார்க்கலாம். பாலிமர் உடம்பு, எடை அரை கிலோவை ஒட்டித்தான். மேகசினில் 16 தோட்டா பிடிக்கும், பெட்டியிலேயே இரண்டு மேகசின் தருகிறார்கள். மற்ற பல கம்பெனிகள் பத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இது பெரிய வசதி. சுடும் நேரம் கூடும், நிரப்பும் நேரம் குறையும். என் கை சிறியது. பிடி கைக்குள் அடக்கமாக உட்கார்ந்தது, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் இழுக்கப் பலமே தேவைப்படவில்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதையே கொடுங்கள் என்பேன். இந்த விலைக்கு ட்ரிகர் ஆச்சரியப்படும்படி சுத்தமாக இருக்கிறது.

பிறகு ஏன் இது முதல் இடத்தில் இல்லை? எடைதான். கையில் லேசான துப்பாக்கி, விரல் அசையும்போது கூடவே அசையும். 7 கெஜத்தில் தெரியாது. இலக்கை 15 கெஜத்துக்குத் தள்ளினால் ஓட்டைகள் பரவ ஆரம்பிக்கும். இன்னொன்று, இதில் பின் சைட்டும் முன் சைட்டும் ஸ்லைடின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சுடலுக்கும் ஸ்லைடோடு அவையும் போய் வருகின்றன. டப்பாவையும் தொங்கும் இரும்புத் தட்டையும் அடிக்க இது தாராளமாகப் போதும். 25 கெஜத்தில் காகிதத்தோடு மல்லுக்கட்ட நினைப்பவர்களுக்குப் போதாது.

என் நாத்தனார் போன தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைத்தான் கேட்டாள்: "அண்ணி, நூறு டாலர் கூடக் கொடுக்கிற அளவுக்கு அந்த 22/45-இல் என்ன இருக்கு?" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுடவைத்தேன். முதலில் டிஎக்ஸ்22, அப்புறம் 22/45, தூரம் 15 கெஜம். இலக்குக் காகிதத்தை இழுத்துப் பார்த்ததும் அவளே பதிலைச் சொல்லிவிட்டாள். எந்த அலட்டலும் இல்லாமல் 22/45-இன் ஓட்டைகள் பாதி இடத்துக்குள் அடங்கியிருந்தன. புதிதாகப் பிடிப்பவளுக்கே இந்த வித்தியாசம் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்?

காரணம் அமைப்பில் இருக்கிறது. ரூகர் கம்பெனி 1949-இல் ஆரம்பித்ததே இந்த வடிவத்தோடுதான். அன்று வந்த ஸ்டாண்டர்ட் பிஸ்டலின் பேரன்தான் இந்த மார்க் 4. பேரலும் (குழாய்) அதைப் பிடித்திருக்கும் ரிசீவரும் ஒன்றாக இறுகிய ஒரே துண்டு. சைட்டுகள் அந்தத் துண்டின் மேல். சுடும்போது உள்ளே இருக்கும் போல்ட் மட்டும்தான் முன்னும் பின்னும் ஓடுகிறது. குறிபார்க்கும் கோடும் தோட்டா போகும் கோடும் ஒன்றைவிட்டு ஒன்று நகர வழியே இல்லை. மேல்பாகம் எஃகு, கைப்பிடி பாலிமர். மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் பாரமாக இருப்பதால் இலக்கில் அப்படியே நிற்கிறது. 22/45 என்ற பெயரில் இருக்கும் 45, .45 தோட்டா சுடும் பழைய 1911 பிஸ்டலின் பிடிக் கோணத்தைச் சொல்வது. சாதாரண மார்க் 4-இன் பிடி அதிகம் சாய்ந்திருக்கும், சிலருக்கு மணிக்கட்டு இசையாது. கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

இதற்கு முந்தைய மார்க் 3-ஐக் கழற்றித் துடைத்தவர்களைக் கேட்டால் அழுவார்கள். கழற்றுவதுகூடப் பரவாயில்லை. திரும்ப மாட்டும்போது உள்ளே ஹேமரின் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) சிறு தண்டு சரியான பக்கம் தொங்கினால்தான் பூட்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்பக்கம் ஒரே ஒரு பொத்தான். துப்பாக்கி காலியா என்று பார்த்து, சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு, பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் கதவு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு கையோடு வந்துவிடுகிறது. .22 மெழுகும் ஈயமும் புகையுமாக அழுக்குச் சேர்க்கிற தோட்டா. துடைப்பது சுலபமாக இருந்தால்தான் துடைப்போம், துடைத்தால்தான் அது சிக்காமல் ஓடும். எனக்கு இந்தப் பொத்தானே கூடுதல் நூறு டாலருக்கு நியாயம்.

ஒரு குறை: போல்ட்டைப் பின்னால் இழுக்க இரு பக்கமும் காது மாதிரி சின்னதாகத்தான் பிடி இருக்கிறது. வியர்த்த விரலில் வழுக்கும். டெக்சஸ் ஆகஸ்டு மாதத்தில் கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள். பழையது வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 1-க்கு முன் செய்த மார்க் 4 பிஸ்டல்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. சேஃப்டி லீவர் நடுவில் நிற்கும்போது ட்ரிகரை அழுத்திவிட்டு, பிறகு லீவரைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் தானாகச் சுட வாய்ப்பு இருந்தது. சரிசெய்து கொடுத்தார்கள். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் வரிசை எண்ணைக் கம்பெனியிடம் சரிபார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

இதே விலையில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எஸ்டபிள்யூ22 விக்டரியும், பிரவுனிங் பக் மார்க்கும் உண்டு. விக்டரி ஒரு கிலோவைத் தொடும் எஃகு. பேரலை ஒரே ஒரு திருகைக் கழற்றி மாற்றலாம், பச்சை நிற ஃபைபர் சைட் கண்ணுக்கு நன்றாகப் பிடிக்கும். பின்னால் பேரல், ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் கருவி) என்று மாற்றி மாற்றி விளையாட நினைப்பவர்களுக்கு 22/45-ஐவிட இதுவே சரி. பக் மார்க்கின் ட்ரிகர்தான் இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணாடிக் குச்சி முறிவது போலத் தெளிவாக விடும். ஆனால் கழற்றத் திருகுச் சாவி வேண்டும், அதனாலேயே எனக்கு மனம் ஒட்டவில்லை.

ரேங்ளர் வேறு ஜாதி. கௌபாய் படத்தில் வருகிற மாதிரி ஆறு தோட்டா ரிவால்வர். 2019-இல் 249 டாலர் பட்டியல் விலையோடு வந்தது, கடையில் அதைவிடக் குறையும். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்தால்தான் சுடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். அந்த நிதானம்தான் இதன் பலம். என் மகனுக்கு இதில்தான் சொல்லிக்கொடுத்தேன்: ஒரு தோட்டா, ஒரு சுடல், துப்பாக்கி கீழே, பேச்சு. மேகசினும் சிக்கலும் இல்லாததால் எந்த மலிவுத் தோட்டாவையும் சாப்பிடும். சைட்டை நகர்த்த முடியாது என்பதால் துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஹெரிடேஜ் ரஃப் ரைடர் இன்னும் மலிவு, 150 டாலர் அளவில் வரும். அந்த மிச்சம்தான் முக்கியம் என்றால் மட்டும்.

எந்த பிஸ்டல் வாங்கினாலும் தோட்டாவில் கஞ்சத்தனம் முதல் சில பெட்டிகளுக்கு வேண்டாம். சிசிஐ கம்பெனியின் மினி மேக், 40 கிரெயின் (குண்டின் எடை அளவு), விநாடிக்கு 1235 அடி வேகம், செம்புப் பூச்சு. புதுத் துப்பாக்கியின் ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும், வேகம் குறைந்த தோட்டா போல்ட்டை முழுதாகத் தள்ளாது. மினி மேக்கில் பழக்கிவிட்டு அப்புறம் மொத்தமாக விற்கும் மலிவுப் பெட்டிக்கு மாறுங்கள். காகிதத்தில் துல்லியம் தேடும்போது சிசிஐயின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, 1070 அடி, என் 22/45-க்கு இதுதான் பிடித்த சாப்பாடு.

பட்ஜெட் போடும்போது பிஸ்டல் விலையோடு நிறுத்தாதீர்கள். டெக்சஸில் விற்பனை வரி 8.25 சதவீதம் வரை போகும். கண்ணாடி, காதுக்கு மஃப்; .22 தானே என்று காதைத் திறந்து வைத்தால் செவி போய்விடும், மூடிய ரேஞ்சில் இன்னும் மோசம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டும் இரும்புப் பெட்டி கட்டாயம். பெட்டி வாங்கக் காசில்லை என்றால் துப்பாக்கியைத் தள்ளிப்போடுங்கள், இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பிடும் முன், பிள்ளையைத் தூக்கும் முன், குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்; தோட்டாவிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கிறது.

மீதம் ஏதாவது இருந்தால் 22/45-க்குக் கூடுதலாக இரண்டு மேகசின் வாங்குங்கள். பத்துப் பத்தாகச் சுடும் துப்பாக்கிக்கு நான்கு மேகசினை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோனால், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ரேஞ்சில் அந்த நேரம் உங்களுக்கு மிச்சம். ஆனால் முதலில் ரேஞ்சின் விதிகளைக் கேளுங்கள். நிரப்பிய மேகசினோடு உள்ளே வர விடாத இடங்களும் உண்டு.