அரசியலும் வரலாறும் சேர்த்துப் படித்தால் எப்படி? கம்பஸ் முடித்துச் சில வருடங்கள் கழித்து ஒரு கணக்கு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிவும் கம்பஸ் அனுமதிக்கான இசட் புள்ளியும் வந்து, எந்தப் பாடம் எடுப்பது என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காலத்தில் எனக்கு வருகிற கேள்வி இதுதான்: "அக்கா, அரசியலையும் வரலாற்றையும் சேத்து எடுத்தா சமாளிக்க ஏலுமா?" சமாளிக்கலாம். ஆனால் வாசிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பாடத்தின் ரியூட்டை (வகுப்புக் குறிப்புகளை) வைத்து மற்றப் பாடத்தையும் ஒப்பேற்றிவிடலாம் என்று யாராவது சீனியர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் கேட்பது வேறு வேறு.

நான் படித்தது கொழும்பில். கம்பஸின் பெயர் வேண்டாம், கீழே சில குறைகளும் சொல்லப்போகிறேன். முதல் வருடம் இரண்டு பாடத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரித்தான் இருந்தது. அரசியல் விஞ்ஞானத்தில் பிளேட்டோ, அரிஸ்டோட்டில், இறைமை, அதிகாரப் பிரிவினை. வரலாற்றில் அநுராதபுரம், பொலனறுவை, பிறகு ஐரோப்பா. காலையில் ஒன்று, மத்தியானம் மற்றது. இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நேர அட்டவணையே மோதும். இணைப்பை யாரும் போட்டுத் தருவதில்லை, நாங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்த இணைப்பு விழுந்த இடம் டொனமூர் யாப்பு, பிரித்தானியர் காலத்து அரசியலமைப்பு. அரசியல் வகுப்பில் அதை ஒரு நிறுவன அமைப்பாகச் சொல்லித் தந்தார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை. அரசாங்க சபை (அந்நாளைய சட்டசபை) உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவுசெய்யும், அந்தத் தலைவரே அமைச்சர். கட்சி முறை வேரூன்றாத, பல இனங்கள் வாழும் நாட்டில் எல்லோரும் சேர்ந்து ஆளட்டும் என்ற எண்ணம். கடதாசியில் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு. பரீட்சைக்கு "நன்மைகள், தீமைகள்" என்று இரண்டு பக்கம் எழுதினால் புள்ளி வந்துவிடும்.

வரலாற்று வகுப்பில் அதே யாப்பு வேறு முகத்தோடு வந்தது. முதல் அமைச்சர் சபையில் தமிழரான பெரி சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள். யாப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. அப்படியானால் எப்படி? உறுப்பினர்கள் குழுக்களுக்குப் பிரியும்போதே, எந்தக் குழுவை எடுத்தாலும் அதில் சிங்கள உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். தலைவர் தெரிவு தானாக நடக்கும். எல்லோரும் சேர்ந்து ஆளச் செய்த பொறியே ஒருவரையும் சேர்க்காமல் ஆளவும் வழி செய்தது. இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அந்நாளில் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. சுந்தரலிங்கம் என்று நீண்டகாலமாகச் சொல்லப்படுவதுண்டு. அதே சுந்தரலிங்கம்தான் பிற்காலத்தில் தமிழருக்குத் தனிநாடு கேட்டவர். (இதை வகுப்பில் கேட்டபோது பின்வரிசையில் இருந்த ஒருத்தன் "கணக்கு வாத்திமாரை நம்பவே கூடாது" என்றான். விரிவுரையாளரும் சிரித்துவிட்டார்.) சிரித்து முடித்ததும் அவர் கேட்டது: "சரி, இதை யார் சொன்னது, எப்ப சொன்னது, சொன்னவருக்கு அதில என்ன லாபம்?" அரசியல் வகுப்பில் இந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்டதில்லை. வரலாற்று வகுப்பில் "சரி, அந்த விதி எப்படி வேலை செய்தது?" என்று கேட்டவர்களும் குறைவு. 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்து வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் முப்பதுகளின் முழுப் படம் வரும்.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டமும் இப்படித்தான். அரசியலில் அது குடியுரிமை என்ற தலைப்பின் கீழ் ஓர் உதாரணம். வரலாற்றில் அது கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து தொடங்கும் கதையின் ஓர் அத்தியாயம். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள், 1952இல் ஒன்றுமில்லை. நடுவில் நடந்ததைச் சட்டமாகவும் பார்க்க வேண்டும், வாக்காளர் இடாப்பாகவும் பார்க்க வேண்டும். என் பட்ச்சில் ஹற்றனிலிருந்து வந்த ஒரு தோழி, விடுமுறைக்குப் போய் வந்தபோது தன் அம்மம்மாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் செலோடேப். அந்த வருடம் நாங்கள் எழுதிய எசைன்மென்ட்களில் உயிருள்ளது அவளுடையதுதான்.

வரலாற்றின் பெரிய லாபம் சுவடிகள் காப்பகம். கொழும்பில் படிக்கிறவர்களுக்குக் கிடைக்கும் வரம் இது, பாதிப் பேர் பயன்படுத்துவதில்லை. கொழும்பு 7இல்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளிலிருந்து பிரித்தானிய அரசாங்க வர்த்தமானி வரை அங்கே உண்டு. துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேனை வெளியே, பென்சில் உள்ளே. கட்டு வரும், கயிற்றை அவிழ்த்தால் தூசு மூக்கில் ஏறும். ஹன்சாட்டை (சபை விவாதங்களின் பதிவை) முதல்முறை தொடர்ந்து வாசித்தபோது எனக்குப் பிடிபட்டது பேச்சை விட இடையீடுகள்தான். யார் யாரைக் குறுக்கே வெட்டினார்கள், சபாநாயகர் யாரை இருக்கச் சொன்னார் என்பதிலேயே சபையின் பலம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எந்த அரசியல் விஞ்ஞானப் பாடநூலும் அதைத் தராது.

இனிக் குறைகள். மொழிதான் முதல் தலையிடி. தமிழில் ஏ.எல் செய்து வந்தவர்களுக்கு, நான் படித்த இடத்தில் பல பாடங்கள் ஆங்கிலத்தில்தான் வசதியாக இருந்தன. தமிழில் எடுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும், செமஸ்டர் தொடங்கியதும் "விரிவுரையாளர் இல்லை" என்பார்கள். வாசிப்புப் பட்டியலில் தமிழ் நூல் ஒன்றிரண்டு இருந்தாலே அதிசயம். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம் எங்களைப் பல தடவை காப்பாற்றியது. சிங்களமும் வாசிக்கத் தெரிந்திருந்தால் நிலைமை வேறு. ஐம்பதுகளின் அரசியலைச் சிங்களப் பத்திரிகை பார்க்காமல் எழுதினால் பாதிதான் எழுதியதாகும், எனக்கு அந்தப் பாதி இன்றுவரை அரைகுறைதான்.

இரண்டாவது தலையிடி விடை எழுதும் முறை. அரசியல் விடையில் வாதத்தை முதல் பந்தியிலேயே வைக்க வேண்டும், கோட்பாட்டின் பெயர் வர வேண்டும். வரலாற்று விடையில் அப்படித் தீர்ப்போடு தொடங்கினால் புள்ளி வெட்டுவார்கள், ஆதாரம் முதலில் வர வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு பரீட்சையும் வந்தால் கை மாறிப் போகும்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல வேண்டாம். இந்தச் சோடிக்கென்று காத்திருக்கும் வேலை கிடையாது. நிர்வாக சேவைப் பரீட்சை, ஆசிரியத் தொழில், ஊடகம், மொழிபெயர்ப்பு, ஆய்வு நிறுவனங்கள், அவ்வளவுதான். நான் பத்திரிகைக்குள் போனேன். படித்ததன் பெறுமதி எனக்குத் தெரிந்தது 2022 ஜூலையில். ஜனாதிபதி கோட்டாபய இராஜினாமாச் செய்தார், இனி என்ன என்று அலுவலகம் முழுக்கக் குழம்பியது. ஜனாதிபதிப் பதவி இடையில் வெறுமையானால் மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தெரிவுசெய்யும் என்பது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை, அது அரசியல் வகுப்பு தந்தது. 1993 மே 1ஆம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு டி.பி. விஜேதுங்க அதே வழியில் போட்டியின்றி வந்தார் என்பது வரலாற்று வகுப்பு தந்தது. இரண்டையும் வைத்து ஒரு பக்கம் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. இந்த முறை போட்டி இருந்தது: ரணில் 134, டலஸ் 82, அநுர 3. அந்த மூன்று வாக்கு வாங்கியவர் 2024இல் ஜனாதிபதியானதை எந்தப் பாடமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிறப்புப் பட்டம் செய்ய எண்ணம் இருந்தால் என் தெரிவு வரலாறு, அரசியல் துணைப்பாடம். அரசியல் கோட்பாட்டைப் பிறகும் வீட்டில் இருந்து வாசித்துப் பிடிக்கலாம். காப்பகத்தில் உட்கார்ந்து கட்டு அவிழ்க்கும் பழக்கம் கம்பஸில் வராவிட்டால், வேலைக்குப் போன பிறகு கிழமை நாளில் லீவு போட்டு அங்கே யாரும் போவதில்லை. இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது சிறியதாக எடுங்கள். "இலங்கையின் இனப்பிரச்சினை" என்று எழுதிக் கொண்டுபோனால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். ஒரு தொகுதி, ஒரு தேர்தல், ஒரு சட்டமூல விவாதம் போதும். துறையிலிருந்து காப்பகத்துக்குக் கடிதம் எடுக்க வேண்டி வரும், அது கைக்கு வர இழுபடும். ஆகவே செமஸ்டர் தொடங்கும் கிழமையிலேயே கேட்டு வையுங்கள்.