சூடேறிய எர்த் கேபிள்: என் அம்பாசடரில் நாலு வருட அனுபவம்

அப்பா ஓட்டிய 1984 அம்பாசடர் மார்க் 4 இப்போது என்னிடம் இருக்கிறது. இருப்பது கடலூரில், கடல் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. 2021-ல் ஒரு நாள் காலையில் செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. பேனட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் கேபிளை, அதாவது எர்த் கேபிளைத் தொட்டால், அது பாடியில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் முனையில் விரல் வைக்க முடியாத சூடு.

பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். நாலு நாள் நன்றாக எடுத்தது, ஐந்தாம் நாள் பழையபடி. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினோம். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசிக் கரண்ட் அதிகம் இழுக்கும் என்பதால் அது வீண் செலவில்லை, ஆனால் சூடு குறையவே இல்லை. ஒரு நாள் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, பார்த்தால் சோக் ஒயர் (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் இரும்பு ஒயர்) கொதிக்கிறது. உண்மையிலேயே பயந்துபோனேன், அது போய்ச் சேரும் இடம் கார்புரேட்டர் அல்லவா, பெட்ரோல் நிற்கும் இடம்.

காரணம் இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பாடியோடு இணைக்கும் பின்னல் எர்த் பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ போனால், செல்ஃப் இழுக்கும் நூற்றைம்பது ஆம்பியர் சொச்சம் சோக் ஒயர், ஆக்சிலரேட்டர் ஒயர் என்று கிடைத்த இரும்பு வழியாகவெல்லாம் பேட்டரிக்குத் திரும்பி வரப் பார்க்கும்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி காயில் ஒயரைக் கழற்றி எர்த்தில் வைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் (கிளாம்பில் இல்லை, குமிழிலேயே) மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட் வழியிலேயே விழுகிறது. 0.2-க்குள் இருந்தால் நல்லது. துண்டு துண்டாக அளந்ததில் பேட்டரியிலிருந்து பாடி வரை 0.8, பாடியிலிருந்து இன்ஜினுக்கு 0.6. 1.4 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 210 வாட், அவ்வளவும் அந்த இரண்டு மூன்று ஜாயின்டில் வெறும் சூடாகப் போகிறது.

முந்தைய வருடம் பெயின்ட் அடித்தவர்கள் பாடியில் எர்த் கேபிள் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்திருந்தார்கள், லக்கு (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. கேபிளின் ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகக் கிடந்தது. சரி என்று கடையில் ரெடிமேட் கேபிள் வாங்கிப் போட்டேன், அது முழு நீளத்துக்கும் சூடானது. வெளியே தடியாகத்தான் தெரிந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கொஞ்சம்தான். இந்த வித்தியாசம் முக்கியம்: முனை மட்டும் சுட்டால் ஜாயின்ட் கோளாறு, கேபிள் முழுக்கச் சுட்டால் கேபிள் மெல்லிசு, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் அதிகமாக இழுக்கிறது.

கடைசியில் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் லக்கு அழுத்தி, பாடியை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். இன்ஜினுக்கும் புதுப் பின்னல் பட்டை. மீட்டரில் 0.15 வந்தது. செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறிவிட்டது, அப்பா காலத்தில் கேட்ட அதே சுறுசுறுப்பு.

நாலு வருடமாகக் கேபிளில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு பேட்டரி கிளாம்ப் மட்டும் லேசாகச் சூடானது, வெள்ளை உப்பு பூத்திருந்தது, வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்ததும் சரியானது. பின்னல் பட்டையைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது, இன்ஜின் ஆட்டத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. போன மாதம் அளந்தேன், 0.18. இந்த மழைக்காலத்துக்கு முன்பே பட்டையை மாற்றிவிடப் போகிறேன்.